மொட்டைமாடியில் விழுந்த சண்டைகள்

ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக்குள் போனால் லாஸ்பேட்டையில் எனக்கு வேலை வரும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் தொழில் கணக்கு அதுதான். உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கு வரும் கூட்டம் தேதி குறித்து வரும்; வயரும் பூஸ்டரும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். சண்டைக்கு வரும் கூட்டத்துக்குத் தேதி கிடையாது. காலையில் பேப்பர் வந்து ஒரு மணி நேரத்தில் கடை வாசலில் சைக்கிள்கள் நிற்கும். "படம் புள்ளி புள்ளியா வருது, சாயங்காலம் நியூஸுக்குள்ள வந்து பாத்துடுப்பா."

எண்பதுகளின் தொடக்கத்தில் நேரு வீதிப் பக்கம் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றேன். கொஞ்ச நாளில் லாஸ்பேட்டையில் சொந்தக் கடை. அன்றைக்கு லாஸ்பேட்டை ஊரின் ஓரம். செம்மண் மேடு, விமானதளம், சவுக்குத் தோப்பு, நடுநடுவே அப்போதுதான் மனை போட்டிருந்த நகர்கள். ஊருக்குப் பெயர் கொடுத்தவரே படைக்காரர். ழான் லா என்ற பிரெஞ்சுத் தளபதி வங்காளம், பீகார் பக்கம் அலைந்து 1761-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அதே ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியையும் பிடித்து இடித்தார்கள். 1765-ல் கவர்னராக வந்து இடிபாட்டை எடுத்துக் கட்டியது இந்த லாதான். எனக்கு அவரால் ஆன உபகாரம், பேட்டை மேட்டில் இருந்தது. மேடென்றால் ஆண்டெனாவுக்கு நாலு அடிக் குழாய் மிச்சம்.

'டிவி ரிப்பேர்' என்று போர்டு இருந்தாலும் அந்தக் காலத்தில் பாதி வருமானம் மொட்டைமாடியில்தான். சென்னையில் 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டது. எங்களுக்கும் சென்னைக்கும் நூற்றைம்பது கிலோமீட்டர். முப்பது நாற்பது அடி இரும்புக் குழாய், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி, உச்சியில் அலுமினிய ஆண்டெனா, அதன் கழுத்தில் பூஸ்டர். உப்புக் காற்றில் நட்டும் போல்ட்டும் ஒரு வருஷத்தில் துருப்பிடிக்கும். காக்கை உட்கார்ந்து உட்கார்ந்து குழாய் வளையும். 84-ல் நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்கள் திறந்தார்கள். அவற்றில் படம் சுத்தமாக விழுந்தது, விழுந்ததெல்லாம் டெல்லி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வேண்டுமென்றால் மறுபடியும் சென்னையைத்தான் பிடிக்க வேண்டும்.

சைக்கிளில் போகும்போதே யார் வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று மேலே பார்த்துச் சொல்லிவிடுவேன். ஆள் உயரத்தைத் தாண்டும் நீளக் குழாய்களோடு வடக்கே பார்த்தால் சென்னை. மூன்றடிகூட இல்லாத குட்டைக் குழாய்களோடு தெற்கே திரும்பியிருந்தால் ரூபவாஹினி. அது இலங்கையில் 1982-ல் தொடங்கிய அரசுத் தொலைக்காட்சி. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து வரும். காரைக்கால், நாகப்பட்டினம் பக்கம் அது அன்றாடச் சரக்கு. எங்களுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கோடையில் காற்றசையாமல் புழுங்கும் ராத்திரிகளில் கடல் வழியாக எப்போதாவது வந்து விழும். வந்த அன்றைக்குத் தெருவே விழித்திருக்கும்.

குட்டைக் குழாய் ஆண்டெனாக்கள் மளமளவென்று ஏறியது 1987-ல். அந்த ஜூன் 3-ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருள் ஏற்றிப் போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஏ.என்.32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் மூட்டைகளைப் போட்டுவிட்டு வந்தன. பூமாலை என்று அதற்குப் பெயர். அன்று சாயங்காலம் ஒரு சொல்தா வீட்டில் வேலையாக இருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். செய்தியில் துணைக்குப் போன மிராஜ் விமானங்களைப் பற்றிச் சொன்னதும் அந்த ஐயா நாற்காலியில் நிமிர்ந்தார். "மிராஜ் நம்ம சரக்கு, தம்பி." அவருக்கு 'நம்ம' என்றால் பிரான்ஸ். இந்திய விமானம், இலங்கை வானம், தமிழனுக்கு அரிசி, பெருமைப்பட்டது பிரெஞ்சுக் குடிமகனான இன்னொரு தமிழர். ஸ்க்ரூ டிரைவரோடு நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

ஜூலை 29-ல் கொழும்பில் ஒப்பந்தம் ஆயிற்று. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையை ஓங்கி ராஜீவ் காந்தியை அடித்தான். பேப்பரில் படம் பார்த்தவர்களெல்லாம் அதை ஓடும் படமாகப் பார்க்க வேண்டும் என்று ரூபவாஹினி கேட்டு வந்தார்கள். "வந்தா வரும், வராட்டி என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லித்தான் முன்பணம் வாங்குவேன். அமைதி காக்கப் போன இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் அக்டோபரில் நேரடிச் சண்டை மூண்ட பிறகு ஒரே சண்டை ஒரே வீட்டில் மூன்று விதமாக வந்தது. தூர்தர்ஷனில் வரைபடமும் அதிகாரியும். தெற்கே திரும்பினால், விழுகிற அன்று, கொழும்பின் கணக்கு. ரேடியோவில் பிபிசி தமிழோசை, வேரித்தாஸ். ஆண்டெனாவைத் திருப்பியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று புரிந்தது. பெரும்பாலானவர்கள் தாங்கள் முன்னமே நம்பியதைச் சொல்லும் பக்கம் குழாயைத் திருப்பச் சொன்னார்கள். மூன்றையும் பார்த்த வீடுகள் கொஞ்சம். அந்த வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் சண்டை.

இதற்கு நடுவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம். இந்திதான், ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி வரை பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். 1988-ல் திரையில் வானர சேனை இலங்கைக்குப் போய்ச் சண்டையில் இருந்த மாதங்களில் நிஜப் படையும் அங்கேதான் இருந்தது. என் கடைக்குப் பேச்சுத் துணையாக வரும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார்: "ராமன் போனதுக்கும் கணக்கு இருந்துது, திரும்பறதுக்கும் நாள் இருந்துது. பதினாலு வருஷம் முடிஞ்சா வந்தாகணும். இவங்களுக்கு அந்த நாளை யார் குறிச்சிருக்கா?" அதே ஆண்டு நவம்பரில் மாலத்தீவுக்கு நம் பாராசூட் படை ஆக்ராவிலிருந்து பறந்துபோய் ஆட்சிக் கவிழ்ப்பை முறித்தது. சீக்கிரம் முடிந்த காரியம். அதற்கு எனக்கு ஒரு ஆண்டெனாகூட விற்கவில்லை.

சொல்தா வீடுகளைப் பற்றி விரிவாகவே சொல்லலாம். அங்கே வேலை செய்வது தனி வித்தை. பிள்ளைகள் பாரிஸிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்துவிடுவார்கள். அன்றைக்குப் பிரான்சின் கலர் முறை செகாம், நம்முடையது பால். சத்தத்தை அனுப்பும் முறையும் வேறு. அந்தப் பெட்டியில் நம் ஊர் சிக்னலைக் கொடுத்தால் முகம் கறுப்பாகவும் மீசை வெளுப்பாகவும் படம் நெகட்டிவில் புரளும், சத்தம் உறுமும். உள்ளே போர்டை மாற்றிச் சரிசெய்யலாம். அந்தச் செலவுக்குப் புது டயனோராவோ சாலிடேரோ வாங்கிவிடலாம் என்று சொன்னால் யாருக்கும் மனசு வராது. கடல் தாண்டி வந்த பெட்டி அல்லவா. வீடியோ கேசட்டும் அப்படித்தான். அங்கே கலரில் பதிவு செய்த ஜூலை 14 அணிவகுப்பு இங்கே கறுப்பு வெள்ளையில் ஓடும். முதலில் குறைப்பட்ட ஐயாக்கள் பிறகு அதுவே நன்றாக இருக்கிறது என்றார்கள், அவர்கள் நடந்த காலத்து அணிவகுப்பு மாதிரியே இருக்கிறதாம்.

இவர்கள் பட்டாளத்தில் இருந்த ஆண்டுகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு வரலாறு மனப்பாடம் ஆயிற்று. 1954 மே 7-ல் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியா கைக்கு வந்தது. அல்ஜீரியாவில் 1954-லிருந்து 1962 வரை சண்டை. அது ஓய்கிற வரைக்கும் எங்கள் ஊரை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் உறுதிசெய்யவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை, ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியா. அதாவது, யாரோ ஒருவருடைய ஊரைப் பிடித்து வைத்திருக்க எங்கள் ஊர்ப் பையன்கள் துப்பாக்கி தூக்கிக்கொண்டிருந்தபோது, அவர்கள் கிளம்பி வந்த ஊரில் கொடி மாறிக்கொண்டிருந்தது. மிராஜ் ஐயாவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "லெட்டர்ல தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சம்பளம் நின்றுவிடுமோ என்று பயந்ததாக அவர் மனைவி சொன்னார்.

1991 வளைகுடாப் போர் சமயத்தில் எங்கள் ஊரில் டிஷ் இருந்த மாடிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிஎன்என் என்ற பெயரை அப்போதுதான் ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள். குவைத்தில் வேலை பார்த்தவர்களின் வீடுகளுக்குப் பச்சை நிறத்தில் குண்டு பறப்பதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஜோர்தான் வழியாக ஏற்றி வந்த நாட்களில், அவர்கள் பார்க்க விரும்பியது விமான நிலைய வரிசையை மட்டும்தான். ஓர் அம்மா திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். கண் கெட்டுப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

சண்டை முடிந்த கையோடு ஸ்டார் வந்தது. 93-ல் சன் வந்தது. மாடியில் எட்டடி வலை டிஷ், அதிலிருந்து தெரு முழுக்கக் கேபிள் என்று தொழில் திசை மாறியது. வடக்கே தெற்கே பார்த்த ஊர் இப்போது கிழக்கே, கடலுக்கு மேலே அண்ணாந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் சொல்தா வீடுகளில் பிரெஞ்சு சேனலான டி.வி.5 கேட்டார்கள். செகாம் தொல்லை அதோடு ஒழிந்தது.

2003 ஏப்ரல் 9, புதன்கிழமை. மிராஜ் ஐயா வீட்டில் டி.வி.5 வரவில்லை. எல்.என்.பி. இணைப்பில் ஈரம் இறங்கியிருந்தது. புதிதாக மாற்றி, இருட்டில் டிஷ்ஷை அசைத்து, மாடிப்படியில் நின்ற பையன் "வந்துச்சு... போச்சு... வந்துச்சு" என்று கத்தக் கத்த முடுக்கிவிட்டுக் கீழே இறங்கியபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. பாக்தாத்தில் ஒரு சதுக்கம். சதாம் உசேன் சிலையின் கழுத்தில் சங்கிலி. ஓர் அமெரிக்கச் சிப்பாய் மேலே ஏறிச் சிலையின் முகத்தைத் தன் நாட்டுக் கொடியால் மூடினான், பிறகு எடுத்துவிட்டார்கள். இந்தப் போருக்குப் பிரான்ஸ் வர மறுத்திருந்தது. பிப்ரவரி 14-ல் ஐ.நா.வில் தொமினிக் த வில்பேன் பேசியதை ஐயா கேசட்டில் பிடித்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தப் பெருமை எதுவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் ஓரங்களையே பார்த்தார்.

"கேமரா கொஞ்சம் பின்னாடி போனா நல்லாருக்கும்" என்றார்.

போகவில்லை. சிலை, சங்கிலி, ஆரவாரம், திரும்பவும் சிலை. நெடுநேரம் கழித்து எங்கோ உயரத்திலிருந்து எடுத்த காட்சி ஒன்று வந்து மறைந்தது. சதுக்கத்தில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. "கூட்டம் அவ்வளவுதான்" என்று ஐயா சாய்ந்துகொண்டார்.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரும் அங்கே இருந்தார். இந்திய ராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவு, வண்டி மெக்கானிக். இலங்கைக்குப் போய் வந்தவர். மெக்கானிக் என்பதால் என்னோடு ஒட்டுதல். அவர் சிலையையே பார்க்கவில்லை, சங்கிலியின் இந்தப் பக்க முனையைப் பார்த்தார். "இழுக்கிறது டேங்க் இல்ல. எம்-88. நின்னுபோன டேங்கை இழுத்துட்டுப் போற வண்டி. பட்டறையோட வந்திருக்கான். சீக்கிரம் போறவன் இப்படி வரமாட்டான்." கொஞ்சம் பொறுத்து, "பலாலியில நாங்க பட்டறைக்கு சிமெண்டுத் தரை போட்ட அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது ரெண்டு மாசத்து வேலை இல்லன்னு."

எட்டரை ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டு 2011 டிசம்பரில் அமெரிக்கர்கள் கிளம்பியபோது எனக்கு அந்தச் சிமெண்டுத் தரைதான் நினைவுக்கு வந்தது. படை நுழைவதையும் சிலை விழுவதையும் எந்த சேனலும் விடாது. பட்டறை போடுவதை, தண்ணீர் லாரி நிறுத்துவதை, சமையல் கொட்டகை கட்டுவதை ஒருவரும் காட்டுவதில்லை. சண்டை எத்தனை காலம் என்பது அதில்தான் தெரிகிறது. அந்த அண்ணன் 1990-ல் கப்பலில் திரும்பினார். மார்ச் 24-ல் கடைசிப் படை புறப்பட்டு வந்தபோது வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயிரத்து நூறுக்கும் அதிகமான சிப்பாய்கள் அங்கே இறந்திருந்தார்கள். அவர்களுக்கு இலங்கை அரசே பத்தரமுல்லையில் நினைவிடம் கட்டியிருக்கிறது. தன் சிநேகிதன் பெயர் அதில் இருப்பதாக அண்ணன் சொல்வார். எங்கள் கடற்கரையிலும் முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்தவர்களுக்குத் தூண்கள் நிற்கின்றன. ஜூலை 14-க்கு விளக்குப் போடுவார்கள். 

அன்று ராத்திரி கடைசியாகப் பேசியது ஐயாவின் மனைவி. சைகோனில் பிறந்தவர், தெருவில் எல்லோருக்கும் சைகோன் அம்மா. அவர் செய்யும் நெம் என்ற வியட்நாம் பலகாரத்தைச் சாப்பிடுவதற்காகவே நான் அந்த வீட்டு வேலைக்கு முதலில் போவேன். சிறுமியாக இருந்தபோது சைகோனில் ஜப்பான் படையைப் பார்த்திருக்கிறார். 1945-ல் ஜெனரல் கிரேஸியின் கீழ் ஆங்கிலேயர் அனுப்பிய இருபதாவது இந்திய டிவிஷன் வந்து இறங்கியதையும் பார்த்திருக்கிறார். அதில் பஞ்சாபிகள், கூர்க்காக்கள், ஐதராபாத் ரெஜிமெண்டுக்காரர்கள். வியட்நாமில் திரும்பவும் பிரெஞ்சு ஆட்சியை உட்காரவைக்க வழி செய்து கொடுத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பின்னால் அதே பிரெஞ்சுப் பட்டாளத்தில் வந்தவரைத்தான் அம்மா கட்டிக்கொண்டார். "தொப்பி வந்துச்சு, தலைப்பா வந்துச்சு, திரும்பத் தொப்பி வந்துச்சு. எவன் வந்தாலும் வாசலை நாங்கதான் கூட்டினோம்" என்றவர் ரிமோட்டைக் கையில் எடுத்தார். 'மெட்டி ஒலி' நேரமாகிவிட்டது. அப்பீல் கிடையாது.

கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாமுக்கும் வேலைக்குப் போவேன். எங்களுக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. 2011 மார்ச், ஏப்ரலில் அங்கே ஒரு பெட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது லிபியா ஓடிக்கொண்டிருந்தது. ஐ.நா. தீர்மானம் வந்த இரண்டாம் நாள், மார்ச் 19-ல், முதல் குண்டைப் போட்டது பிரெஞ்சு விமானங்கள். "கலவரம் தொடங்கி ஒரு மாசம்தான். பிளேன் போயிட்டுது, பாத்தியளே? எங்களுக்கு 2009-ல ஒருத்தரும் வரேல்ல" என்றார் ஓர் இளைஞர். குரலில் கோபம். மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமல் சொன்னார்: "எங்களுக்கும் வந்தவங்கள்தானே தம்பி, 87-ல. மாலை போட்டனாங்கள்." இளைஞர் அதற்குப் பதில் சொன்னார், பெரியவர் அதற்குப் பதில் சொன்னார். நான் வேலையை முடித்துக் கிளம்பும்வரை ஓயவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. முள்ளிவாய்க்காலில் யாராவது குறுக்கே வந்திருக்கக் கூடாதா என்று கேட்கிறவரிடம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் 87 அக்டோபரில் இந்தியப் படை சுட்டதில் ஆட்கள் செத்ததைச் சொல்லி வாயடைக்க எனக்கு மனசு வராது. அதைப் பார்த்தவரிடம் போய், வந்திருந்தால் நல்லது நடந்திருக்கும் என்று சொல்லவும் வராது. அன்றைக்கு அவர்களிடம் பணம் வாங்கவில்லை.

இப்போது தொழில் சுருங்கிவிட்டது. எல்.இ.டி. பெட்டியில் ரிப்பேர் என்பதே இல்லை, பேனல் போனால் பெட்டி போயிற்று. சின்ன டிஷ் கம்பெனிக்காரர்களே மாட்டிவிடுகிறார்கள். உக்ரைன் சண்டை 2022 பிப்ரவரியில் வந்தபோது என் கடைக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோரும் கைப்பேசியில் பார்த்தார்கள், அவரவர் நம்பியதை அவரவர் கைப்பேசியே எடுத்துக் கொடுத்தது. குழாயைத் திருப்ப ஆள் வேண்டியிருக்கவில்லை.

மிராஜ் ஐயா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அவர் பேரன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறான். 2013 ஜனவரியில் பிரான்ஸ் மாலிக்குப் படை அனுப்பியதை, திம்புக்துவில் ஜனங்கள் அதிபர் ஒல்லாந்தைச் சூழ்ந்துகொண்டு ஆர்ப்பரித்ததை அந்த வீட்டில்தான் ஐயாவோடு பார்த்தேன். அங்கே அவர்கள் இருந்தது ஒன்பதரை ஆண்டு. 2022 ஆகஸ்டில் மாலியிலிருந்து கடைசிச் சிப்பாய் கிளம்பியது டி.வி.5-இல் வந்திருக்கும், நம் சேனல்களில் அடியில் ஓடும் வரிகூட நான் பார்க்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது கூப்பிட்டு அனுப்பினான். மாடியிலிருக்கும் எட்டடி டிஷ்ஷைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும், ஃபைபர் இழுத்து வைஃபை பெட்டி வைக்க வேண்டும். சைகோன் அம்மா வேண்டாம் என்றார், அவர் மிளகாய் காயவைப்பது அதில்தான். எனக்கும் நாலு பேரைக் கூட்டி வந்து இறக்குவது தண்டச் செலவு. அதனால் டிஷ் தப்பித்தது.

பெட்டியை மாட்டிக்கொண்டே மாலியில் இருந்தாயா என்று கேட்டேன். இருந்தேன் என்றான். எந்த ஊர் என்றதற்குக் காவோ என்று கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினான். பாலைவனத்துக்கு நடுவே ஓர் ஆறு. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வெயில்தான் அங்க்கிள்" என்றான். பிறகு, "சிக்னல் பின்பக்க ரூம் வரைக்கும் வருமா?"

வராது, நடுவில் கெட்டிச் சுவர், இன்னொரு ரவுட்டர் போட வேண்டும் என்று சொல்லி அதற்கான விலையையும் சொன்னேன்.